எந்தப் பந்தியில் இடம்? - தோவாளையிலிருந்து ஒரு விடுதி வரலாறு

சென்ற ஆண்டு எங்கள் குழுவுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. எழுதியவர் எங்கள் நெடுநாள் வாசகர். தோவாளையைப் பூர்வீகமாகக் கொண்டவர். முப்பது ஆண்டுகளாக அமெரிக்கப் பெருநகரொன்றில் வசிப்பவர். அவருடைய மகன் அந்நகரின் பல்கலைக்கழகத்தில் அப்போதுதான் சேர்ந்திருந்தான். சேர்ந்த சில வாரங்களுக்குள், கிரேக்க எழுத்துகள் மூன்றைப் பெயராகக் கொண்ட மாணவர் இல்லமொன்றிலிருந்து அவனுக்கு அழைப்பு வந்திருக்கிறது. ஃபிரடெர்னிட்டி என்று அங்கே இதனை அழைக்கிறார்கள். சகோதரர் குழாம் என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். சேர்ந்துவிட்டால் தங்குமிடமும் சோறும் நட்பும், படிப்பு முடிந்தபின் வேலைக்குக் கைகொடுக்கும் மூத்தவர்களும் கிடைப்பார்கள். ஆனால் சேர்வதற்கு முன் சில வாரங்கள் மூத்த மாணவர்கள் சொல்வதையெல்லாம் கேட்டாக வேண்டும். "விடுவதா வேண்டாமா என்று தெரியவில்லை. நம்மூரில் இப்படி ஏதேனும் இருந்ததா? அப்பாவிடம் கேட்டால் சிரிக்கிறார்" என்று நண்பர் எழுதியிருந்தார்.

அந்த மாதமே நாகர்கோவில் பக்கம் கோயில்கள் சிலவற்றைப் பார்க்கச் செல்லும் திட்டம் எங்களுக்கு இருந்தது. சிரித்த அப்பாவை நேரில் கண்டு கேட்டுவிடுவது என்று முடிவு செய்தோம்.

நாகர்கோவிலுக்கு வடகிழக்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் ஆரல்வாய்மொழிக் கணவாயை நோக்கிச் செல்லும் சாலையில் இருக்கிறது தோவாளை. பூச்சந்தைக்குப் பெயர்பெற்ற ஊர். பொழுது விடிவதற்குள் பிச்சியும் மல்லிகையும் அரளியும் கோழிக்கொண்டையும் மூட்டை மூட்டையாக வந்து இறங்கி, வெயில் ஏறுவதற்குள் கேரளத்துக்குப் பாதியும் மற்ற ஊர்களுக்கு மீதியுமாகப் போய்விடுகின்றன. இவ்வூரின் மாணிக்கமாலைக்கு 2025-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்த மகிழ்ச்சி நாங்கள் சென்றபோதும் மாலை கட்டுபவர்களின் பேச்சில் இருந்தது. (மாணிக்கமாலை பற்றித் தனிக் கட்டுரையே எழுதலாம். குழுவில் ஒருவர் ஏற்கெனவே பொறுப்பேற்றிருக்கிறார்.)

நண்பரின் தந்தை ஓய்வுபெற்ற ஆசிரியர். எண்பதைக் கடந்தவர். நாகர்கோவிலில் இடைநிலை வகுப்பு முடித்து, 1960-களின் தொடக்கத்தில் சென்னைக்குப் படிக்கச் சென்றவர். அப்போது நாகர்கோவிலுக்கு ரயில் கிடையாது. திருவனந்தபுரத்திலிருந்து ரயில் வந்தது 1979-இல். திருநெல்வேலிப் பாதை இணைந்தது 1981-இல். ஆகவே ஆரல்வாய்மொழி வழியே பேருந்தில் திருநெல்வேலி சென்று, அங்கிருந்து எழும்பூருக்கு ரயில் பிடித்திருக்கிறார். கையில் ஒரு தகரப் பெட்டி, சுருட்டிய பாய், ஏத்தங்காய் உப்பேரி நிறைந்த ஒரு டப்பா. எழும்பூரில் இறங்கி எங்கே போவது என்ற கேள்விக்கு மட்டும் ஊரிலேயே விடை சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அவர் பிறந்த சமூகத்தார் நடத்திய மாணவர் விடுதி ஒன்று அங்கே இருந்தது.

"ஹாஸ்டல்னு சொன்னா மொதல்ல சாப்பாடு எப்படின்னு எவனும் கேக்க மாட்டான், பாத்துக்கிடுங்க. யாருக்க ஹாஸ்டல்னுதான் கேப்பான்" என்றார் அவர்.

யாருடைய விடுதி? இந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டுதான் நாங்கள் பின்னோக்கிச் சென்றோம். மகனை அழைத்த அமெரிக்க இல்லத்துக்கும் தந்தையின் தந்தை தங்கிய சென்னை விடுதிக்கும் நாங்கள் எதிர்பார்த்ததைவிட நெருக்கம் அதிகமாகவே இருந்தது.

முதலில் அமெரிக்கக் கதையைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். கிரேக்க எழுத்துகளைப் பெயராகச் சூடிய முதல் மாணவர் சங்கம் ஃபை பீட்டா கப்பா. 1776 டிசம்பரில் வர்ஜீனியாவின் வில்லியம் அண்ட் மேரி கல்லூரியில் தோன்றியது. இன்றுள்ள வகையிலான சகோதரர் குழாம்கள் 1825-இல் நியூயார்க் மாநிலத்தின் யூனியன் கல்லூரியில் தொடங்கின. இரகசியக் கைகுலுக்கல், சடங்கு, சத்தியப்பிரமாணம் எல்லாம் உண்டு. அன்றைய கல்லூரி பாடமும் பிரசங்கமும் தந்ததே தவிர, வீட்டைப் பிரிந்து வந்த பதினேழு வயதுப் பையனுக்குக் கூடி உட்கார ஓர் அறையைத் தரவில்லை. அந்த இடத்தை மாணவர்கள் தாமே நிரப்பிக்கொண்டார்கள். பிற்பாடு சொந்த வீடுகளை வாங்கிக் கூடி வாழத் தொடங்கினார்கள்.

அந்த வீடுகளின் கதவு எல்லோருக்கும் திறக்கவில்லை. கறுப்பினத்தவருக்கும் யூதருக்கும் கத்தோலிக்கருக்கும் பெரும்பாலும் இடமில்லை. எனவே 1906-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தின் கறுப்பின மாணவர்கள் ஆல்ஃபா ஃபை ஆல்ஃபாவைத் தொடங்கினார்கள். 1908-இல் வாஷிங்டன் நகரின் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் கறுப்பினப் பெண்களுக்கென்று ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா பிறந்தது. நம் வாசகர்களுக்கு இந்தப் பெயர் முற்றிலும் அந்நியமன்று. மன்னார்குடிக்கு அருகிலுள்ள துளசேந்திரபுரத்தைத் தாய்வழிப் பூர்வீகமாகக் கொண்ட கமலா ஹாரிஸ், ஹோவர்டில் படித்த காலத்தில் இச்சகோதரிக் குழாமில் சேர்ந்தவர். 2021 முதல் 2025 வரை அவர் அமெரிக்காவின் துணை அதிபராக இருந்தார். 2020, 2024 தேர்தல்களில் அக்குழாமின் பெண்கள் அவருக்காகத் திரண்டதை உலகமே பார்த்தது. விலக்கப்பட்டவர்கள் தமக்கென்று கட்டிக்கொண்ட வீடு எவ்வளவு தூரம் தாங்கும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது.

இனி நம் ஊர்க் கதை.

தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய இரு தாலுகாக்களே பழைய நாஞ்சில் நாடு. 1956 நவம்பர் 1 வரை இது திருவிதாங்கூருக்கும் அதன்பின் அமைந்த திரு-கொச்சிக்கும் உட்பட்டிருந்தது. ஆகவே நாஞ்சில் நாட்டுப் பிள்ளைகளுக்கு நகரம் என்றால் நெடுங்காலம் திருவனந்தபுரம்தான். அந்நகரின் ஆங்கிலக் கல்விக்கு விதை சென்றதே நாகர்கோவிலிலிருந்து என்பது பலரும் மறந்துவிட்ட செய்தி. நாகர்கோவிலில் ஆங்கிலப் பள்ளி நடத்திக்கொண்டிருந்த ராபர்ட்ஸ் என்பவரைச் சுவாதித் திருநாள் மகாராஜா 1834-இல் வரவழைத்துத் திருவனந்தபுரத்தில் பள்ளி தொடங்கச் செய்தார். அப்பள்ளி வளர்ந்து 1866-இல் கல்லூரியாயிற்று. 'மனோன்மணீயம்' இயற்றிய சுந்தரம் பிள்ளை தத்துவம் கற்பித்தது இக்கல்லூரியில்தான். 1937-இல் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகம் தோன்றும்வரை திருவனந்தபுரமானாலும் நாகர்கோவில் ஸ்காட் கிறித்தவக் கல்லூரியானாலும் தேர்வு நடத்திப் பட்டம் தந்தது 1857-இல் தோன்றிய சென்னைப் பல்கலைக்கழகம்.

பட்டம் எல்லோருக்கும் ஒன்று. சோறு அப்படியன்று. திருவிதாங்கூர் அரசு சாலைகளிலும் கோயில்களிலும் ஊட்டுப்புரைகளை நடத்தி வந்தது. அங்கே இலவசச் சோறு பிராமணருக்கு மட்டுமே. படிக்கப் போகும் பிராமணச் சிறுவனுக்கு வழிநெடுக இலை விரிந்திருந்தது. வேளாளச் சிறுவன் உறவுக்காரர் வீட்டுத் திண்ணையைத் தேட வேண்டும். நாடார் சிறுவன் மிஷன் வளாகத்தை நம்ப வேண்டும். இவர்களுக்கும் கீழே வைக்கப்பட்டவர்களின் பிள்ளைகளோ பள்ளி வாசலையே மிதிக்கப் போராடிக்கொண்டிருந்தார்கள்.

நாஞ்சில் வேளாளர் குடும்பங்களில் இன்னொரு சிக்கலும் இருந்தது. மருமக்கள் வழியில் குடும்பச் சொத்து சகோதரியின் பிள்ளைகளுக்குப் போகும். அப்படியானால் மகனின் கல்லூரிக் கட்டணத்தை யார் கட்டுவது? தந்தையா, தாய்மாமனா? 1926-இல் சட்டம் வந்து இந்த முறையை முடித்து வைத்தது. அதற்கு முன் படிப்பை நிறுத்திக்கொண்ட பையன்கள் எத்தனை பேரோ. தேரூரில் பிறந்த கவிமணி மருமக்கள் வழியைப் பகடி செய்து மான்மியம் எழுதியது வெறும் சொத்துத் தகராறுக்காக அன்று என்பது எங்கள் எண்ணம்.

சமூக விடுதிகள் பிறந்த சூழல் இதுதான். இது நாஞ்சில் நாட்டில் மட்டும் நிகழவில்லை. மேற்கே கோலாப்பூரில் சாகு மகாராஜா 1901 முதல் மராத்தியர், சமணர், லிங்காயத்துகள், முஸ்லிம்கள், தீண்டத்தகாதவர் எனப்பட்டோர் என்று ஒவ்வொரு சமூகத்துக்கும் தனித்தனி விடுதிகள் எழத் துணை நின்றார். சென்னையில் நடேச முதலியார் 1910-களின் நடுவில் திருவல்லிக்கேணியில் திராவிடர் இல்லத்தை நிறுவினார். அன்றைய சென்னையில் பிராமணரல்லாத வெளியூர் மாணவனுக்குத் தங்கிப் படிக்க இடம் கிடைப்பது அரிது. உணவு விடுதிகள் பலவற்றில் அவனுக்குத் தனி இடம், சிலவற்றில் இடமேயில்லை. மாவட்டங்களிலிருந்து வந்த பையன்கள் படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்புவதைக் கண்டுதான் மருத்துவரான நடேசனார் இல்லம் தொடங்கினார். நீதிக்கட்சியின் வரலாற்றை எழுதுபவர்கள் 1916-ஆம் ஆண்டின் கூட்டத்திலிருந்து தொடங்குவது வழக்கம். நாங்கள் அந்த இல்லத்தின் சமையலறையிலிருந்து தொடங்குவோம்.

அதே 1916-இல் சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் நந்தனார் கல்விக் கழகத்தைத் தொடங்கினார். ஒடுக்கப்பட்ட சமூகப் பிள்ளைகளுக்குப் பள்ளியும் தங்குமிடமும் அதன்வழி கிடைத்தன. ஹோவர்டில் கறுப்பின மாணவர்கள் தமக்கென்று இல்லங்களை அமைத்துக்கொண்டிருந்ததும் இதே பத்தாண்டுகளில்தான். ஒருவரை ஒருவர் அறியாமலே இரண்டு நாடுகளிலும் ஒரே வேலை நடந்துகொண்டிருந்தது.

ஆனால் விலக்கப்பட்டவர் கட்டிய வீட்டுக்கும் கதவு உண்டு. ஒவ்வொரு சமூகமும் தன் பிள்ளைகளுக்கு விடுதி கட்டியது. அதனால் ஆயிரக்கணக்கானோர் பட்டதாரிகளானார்கள். அதே செயலால், எவனோடு அமர்ந்து உண்ணக்கூடாது என்று ஊர் கற்பித்த பாடமும் நகரத்திற்குக் குடிபெயர்ந்தது. நண்பரின் தந்தை ஆறு ஆண்டுகள் சென்னையில் இருந்தார். "வகுப்புல எல்லாவனும் பழக்கந்தான். ஆனா சோறு தின்னதெல்லாம் நம்ம ஆளுகளோடதான். வேற ஹாஸ்டல் பந்தியில ஒரு நாளும் இருந்ததில்ல. அப்ப அது தப்புன்னு தோணவுமில்ல" என்றார். குற்ற உணர்வோடு அவர் இதைச் சொல்லவில்லை, பெருமையோடும் சொல்லவில்லை.

இந்தப் பந்திக் கேள்வி தமிழ்நாட்டு அரசியலையே திசைதிருப்பிய நிகழ்ச்சியொன்று தோவாளைக்கு அதிகத் தொலைவில் நடக்கவில்லை. மகேந்திரகிரிக்கு அப்பால், தாமிரபரணிக் கரையில், சேரன்மகாதேவியில் வ.வே.சு. ஐயர் 1922-இல் குருகுலம் ஒன்றை அமைத்தார். அது பல்கலைக்கழகம் அன்று. ஆங்கிலேயர் பல்கலைக்கழகத்துக்கு மாற்றாகக் கனவு காணப்பட்ட தேசியக் கல்விக்கூடம். தமிழ், உடலுழைப்பு, தேசபக்தி எல்லாம் பாடத்தில் இருந்தன. தமிழ்நாடு காங்கிரஸ் பத்தாயிரம் ரூபாய் தர ஒப்புக்கொண்டு முதலில் ஐயாயிரம் கொடுத்தது. பெற்றோரின் வேண்டுகோளுக்கு இணங்கிப் பிராமணச் சிறுவர் ஓரிருவருக்கு மட்டும் ஐயர் தனியே உணவளிக்க இசைந்தார். உடன் தங்கியிருந்த ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரின் மகன் இதை வீட்டில் சொல்ல, செய்தி வெளியே வந்தது. வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் கொதித்தெழுந்தார்கள். காந்தியடிகள் வரை வழக்கு சென்றது. ஐயர் பொறுப்பிலிருந்து விலகினார். 1925 ஜூனில் பாபநாசத்துக்கு மேலுள்ள கல்யாண தீர்த்தத்தில் நீரில் வீழ்ந்த மகளைக் காக்கப் போய்த் தாமும் மாண்டார். அவ்வாண்டின் இறுதியில் பெரியார் காங்கிரசை விட்டு வெளியேறியதற்கு வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானமே நேரடிக் காரணம். ஆயினும் குருகுலத்து இலைகள் அவர் மனத்தில் விரிந்தே கிடந்தன என்பதில் ஐயமில்லை.

ஐயரின் இலக்கியப் பணியையும் வீரத்தையும் மதிப்பவர்கள் நாங்கள். சிறுகதையைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர்களுள் ஒருவர் அவர். அந்த மதிப்புக் குறையாமலே சொல்கிறோம்: இரண்டு சிறுவர்தாமே என்று அவர் நினைத்த இடத்தில்தான் பிழை நேர்ந்தது. நூறு பேர் ஒரு கூரையின்கீழ் வாழும்போது தனியாக விழும் இரண்டு இலைகளை மற்ற தொண்ணூற்றெட்டுப் பேரும் பார்ப்பார்கள்.

அப்படிப் பார்த்தவர்களுள் தோவாளைத் தாலுகாவைச் சேர்ந்த ஓர் இளைஞரும் இருந்தார் என்று அவர் வரலாற்றை எழுதியவர்கள் கூறுகிறார்கள். பூதப்பாண்டியில் 1907-இல் பிறந்த ஜீவானந்தம்தான் அவர். ஒடுக்கப்பட்ட சமூகத்து நண்பனைத் தெருவுக்குள் அழைத்து வந்ததற்காக வீட்டில் எழுந்த எதிர்ப்பு அவரைச் சிறுவயதிலேயே வெளியேற்றியது. சேரன்மகாதேவிப் பந்தி அவரை அங்கிருந்தும் வெளியேற்றியது. பின்னர் காரைக்குடிக்கு அருகே சிராவயலில் ஆசிரமப் பொறுப்பை ஏற்றார். 1927-இல் காந்தியடிகள் அவரைத் தேடி வந்து சந்தித்தது அங்கேதான். தோவாளைத் தாலுகாவில் பந்தி பற்றிய நினைவு நீளமானது போலும். இதே தாலுகாவின் வீரநாராயணமங்கலத்தில் பிறந்த நாஞ்சில் நாடன் எழுத்தில் அடியந்திர வீட்டுப் பந்தியும் பசியும் திரும்பத் திரும்ப வருவதை வாசகர்கள் அறிவார்கள்.

பிறப்பை விட்டு வேறு அடிப்படையில் கூடி வாழ முடியாதா? முயன்றவர்கள் உண்டு. சென்னை ஜார்ஜ் டவுனில் நெருக்கடியான கட்டடங்களில் இயங்கிய கிறித்தவக் கல்லூரி, தன் நூறாவது ஆண்டான 1937-இல் தாம்பரம் காட்டுக்குக் குடிபெயர்ந்தது. 365 ஏக்கர் நிலத்தில் சேலையூர், தூய தோமையர், பிஷப் ஹீபர் என்று மூன்று மாணவர் இல்லங்கள். ஒவ்வோர் இல்லத்துக்கும் தனி மரபு, தனி விழா, தனிப் பெருமை. ஆனால் ஒருவன் சேலையூர்க்காரனாவது சேலையூரில் தங்குவதால்தான், பிறப்பால் அன்று. தமிழ்நாட்டில் அமெரிக்க இல்லங்களின் சாயலை நல்லவிதமாகக் காட்டியது இது. ஒரு குறை: இதற்கு நகரத்தை விட்டு வெளியே போக வேண்டியிருந்தது. நகரத்துக்குள்ளேயே நின்ற கல்லூரிகளுக்கு அவ்வளவு நிலம் இல்லை.

பெண்கள் கதை வேறு. 1914-இல் இராணி மேரிக் கல்லூரியும் 1915-இல் பெண்கள் கிறித்தவக் கல்லூரியும் சென்னையில் தோன்றின. சகோதரி சுப்புலட்சுமி இளம் பிராமண விதவைகளுக்காக நடத்திய இல்லம் கடற்கரை ஐஸ் ஹவுஸில் இயங்கியது. அங்கிருந்து கல்லூரிக்குச் சென்ற பெண்கள் பிற்பாடு ஆசிரியைகளானார்கள். ஆனால் பெண்கள் விடுதியில் யாரோடு உண்பது என்பதைவிட எத்தனை மணிக்குள் திரும்புவது என்பதே பெரிய கேள்வியாக இருந்தது. பல இடங்களில் இப்போதும் அதுதான்.

கூடி வாழும் இளைஞர் குழாத்தின் இருண்ட பக்கத்தையும் சொல்லாமல் விட முடியாது. நண்பரின் அச்சமே அதுதான். உள்ளே வருபவனை வாட்டி எடுத்து, தாங்கினால்தான் நம்மவன் என்று முத்திரை குத்தும் பழக்கத்தை அங்கே ஹேசிங் என்கிறார்கள், இங்கே ராகிங். 1996 நவம்பரில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரி விடுதியில் முதலாண்டு மாணவர் ஒருவர் மூத்த மாணவரால் கொல்லப்பட்டார். தமிழ்நாடு அதிர்ந்து போயிற்று. 1997-இல் ராகிங் தடைச் சட்டம் வந்தது. இந்தியாவுக்கே முன்னோடியான சட்டங்களுள் அது ஒன்று. கீழ்நீதிமன்றம் தண்டித்து, உயர்நீதிமன்றம் விடுவித்த அவ்வழக்கில் உச்சநீதிமன்றம் 2011-இல்தான் ஆயுள் தண்டனையை உறுதி செய்தது. இதற்கிடையில் 2009-இல் பல்கலைக்கழக மானியக் குழு நாடு முழுமைக்கும் விதிகளை வகுத்தது. அமெரிக்காவில் ஹேசிங் குறித்த கூட்டாட்சிச் சட்டம் 2024 டிசம்பரில்தான் கையெழுத்தாயிற்று. இந்த ஒன்றில் நாம் முந்திவிட்டோம். பெருமைப்பட ஏதுமில்லை, நமக்கு முதலில் தேவைப்பட்டது, அவ்வளவே.

சாதிக் குழாத்தின் மோதலை மக்கள் தம் வீட்டுக் கூடத்திலிருந்தே பார்த்த நாள் 2008 நவம்பர் 12. சென்னைச் சட்டக் கல்லூரி வளாகத்தில் மாணவர்கள் ஒருவரையொருவர் தடிகளாலும் ஆயுதங்களாலும் தாக்கிக்கொள்ள, வாசலில் காவலர்கள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். தொலைக்காட்சிகள் அதைத் திரும்பத் திரும்பக் காட்டின. விழாச் சுவரொட்டி ஒன்றில் கல்லூரியின் பெயரிலிருந்த அம்பேத்கரை விட்டுவிட்டது மோதலுக்கு ஒரு காரணம். நீதிபதி சண்முகம் ஆணையம் விசாரித்தது. பத்தாண்டுகள் கழித்து, 2018-இல், கல்லூரியை இரண்டாகப் பிரித்துப் புதுப்பாக்கத்துக்கும் பட்டரைப்பெரும்புதூருக்கும் அனுப்பிவிட்டார்கள். உயர்நீதிமன்றத்துக்கு அருகிலேயே சட்டம் படிக்கும் வாய்ப்பு ஏழை மாணவனுக்கு அதோடு போயிற்று. குழாத்தைத் திருத்துவதற்குப் பதில் நகரத்தை அவர்களிடமிருந்து எடுத்துவிட்டார்கள் என்று எங்களுக்குத் தோன்றியது.

விடுதியே கிடைக்காதவர்கள் என்ன செய்தார்கள்? சென்னையின் மாநிலக் கல்லூரிக்கும் பச்சையப்பன் கல்லூரிக்கும் நந்தனம் அரசுக் கல்லூரிக்கும் கும்மிடிப்பூண்டி, பொன்னேரி, திருவள்ளூர், அரக்கோணம் பக்கங்களிலிருந்து நாள்தோறும் வந்துபோகும் மாணவர்கள் ஏராளம். பலர் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் தலைமுறை. கல்லூரியில் வகுப்பு முடிந்தால் உட்கார ஒரு கூடம் இல்லை. ஆகவே அவர்கள் வரும் பேருந்தே இல்லமாயிற்று. பேருந்து எண்ணே குழாத்தின் பெயர். கிரேக்க எழுத்துக்குப் பதில் தடம் எண். ஒவ்வொரு 'ரூட்'டுக்கும் ஒரு 'தல'. பேருந்தின் பக்கத் தகடே தாளக் கருவி. கானாப் பாட்டே கீதம். ஆண்டுக்கொருமுறை பேருந்து நாள். பேருந்துக்கு மாலை சூட்டி, ஓட்டுநரையும் நடத்துநரையும் பாராட்டி மரியாதை செய்வார்கள். நன்றி சொல்லத் தொடங்கிய அழகான வழக்கம் அது. பிறகு கூரைமேல் ஏறும் சாகசமாகவும் எதிர்க் கல்லூரியோடு மோதும் களமாகவும் மாறியது. 2011-இல் உயர்நீதிமன்றம் பேருந்து நாளுக்குத் தடை விதித்தது. அதையும் மீறி 2019 ஜூனில் கொண்டாடியபோது, கூரைமேல் இருந்தவர்கள் கொத்தாகச் சாலையில் விழுந்த காட்சி நாடெங்கும் பரவியது. அடுத்த மாதமே அரும்பாக்கத்தில் மாணவர்கள் பேருந்துக்குள் அரிவாளோடு ஏறி சக மாணவர்களை வெட்டினார்கள். காவல்துறை 'தல'களை அழைத்து நன்னடத்தைப் பிணை எழுதி வாங்கியது.

அந்தப் பையன்களை ரவுடிகள் என்று எழுதிவிட்டு நகர்வது எளிது. வெட்டியவர்கள் தண்டிக்கப்பட வேண்டியவர்களே. ஆனால் தாம்பரத்தில் 365 ஏக்கரில் இல்ல விழாவாகக் கொண்டாடப்படும் அதே உணர்வுக்கு, இவர்களிடம் பதினோரு மீட்டர் நீளமுள்ள ஒரு வண்டி மட்டுமே இருந்தது என்பதையும் பார்க்க வேண்டும்.

தோவாளையிலிருந்து திருநெல்வேலிக்குப் போகும் அதே சாலையில், ஒரு மணி நேரத்துக்குள் வருவது நாங்குநேரி. 2023 ஆகஸ்டில் அங்கே பன்னிரண்டாம் வகுப்பு தலித் மாணவன் ஒருவனையும் தடுக்க வந்த அவன் தங்கையையும் உடன் படித்த மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். கையில் கட்டும் கயிற்றின் நிறத்தை வைத்து இன்னார் இன்ன சாதி என்று காட்டிக்கொள்ளும் பழக்கம் பள்ளிகளில் பரவியிருப்பது அப்போது பேசப்பட்டது. அமெரிக்க மாணவன் சட்டையில் பொறித்துக்கொள்ளும் எழுத்துகளை நம் சிறுவர்கள் மணிக்கட்டில் கட்டியிருந்தார்கள். அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. கயிறுகளைத் தடைசெய்யவும், பள்ளிகளின் பெயர்களிலிருந்து சாதி அடையாளத்தை நீக்கவும் அது பரிந்துரைத்தது. 2025 ஜூலையில் தமிழ்நாடு அரசின் 2,739 மாணவர் விடுதிகளும் இனிச் சமூகநீதி விடுதிகள் என்றே அழைக்கப்படும் என்று அறிவிப்பு வந்தது. பெயர்ப்பலகை மாறுவது சிறிய காரியம் என்று சிலர் எழுதினார்கள். 'யாருக்க ஹாஸ்டல்' என்ற கேள்வி அறுபது ஆண்டுகளாக ஒலித்துக்கொண்டிருக்கும் ஊரிலிருந்து பார்த்தால் அது சிறியதாகத் தெரியவில்லை.

இவற்றையெல்லாம் சுருக்கி நண்பருக்கு எழுதினோம். முடிவு சொல்லவில்லை; கேட்க வேண்டிய கேள்விகளை மட்டும் எழுதினோம். அந்த வீட்டில் யாரெல்லாம் இருக்கிறார்கள், யாரெல்லாம் இல்லை? சேருமுன் செய்யச் சொல்வதை வெளியே சொல்லலாமா, கூடாதா? பிடிக்காவிட்டால் வெளியேற முடியுமா?

ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. மகன் அந்த வீட்டுக்கு விருந்துக்குப் போயிருக்கிறான். திரும்பி வந்து தாத்தாவிடம் தொலைபேசியில் பேசும்போது, "நாம என்ன ஆளுன்னெல்லாம் அவங்க கேக்கவே இல்ல தாத்தா. எந்த ஏரியா, எந்த ஸ்கூல், அப்பா என்ன வேலை பாக்கிறார், அவ்வளவுதான் கேட்டாங்க" என்று சொல்லியிருக்கிறான்.

தாத்தா உரக்கச் சிரித்தாராம். "அதத்தானே மக்ளே நாங்க யாருக்க மவன்னு கேட்டோம்."

பையன் அந்த வீட்டில் சேரவில்லை. பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் வேறு மூவரோடு சேர்ந்து வாடகைக்கு வீடு எடுத்திருக்கிறான். ஒருவன் மெக்சிகோ, ஒருவன் நைஜீரியா, மற்றவன் அந்நகரத்தவன். செய்தியைக் கேட்டதும் தாத்தா விசாரித்தது ஒன்றே ஒன்றுதான்: சமையல் யார்?